எழுவாயாதல்: மலாக்காத் தோட்டத்துப் பெண்களும் உரிமை வரலாறும்



மகளிர் உரிமை வரலாற்றை நினைவுகூர்வதற்காக ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், துரியான் துங்கால் முதலிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இவ்வார இறுதியில் இங்கே கூடியிருக்கிறோம். இத்தகைய நிகழ்வுகளில் புகழ்பெற்ற பெண்மணிகளின் பெயர்களை எடுத்துரைப்பதும் அவர்தம் படங்களுக்கு மாலை அணிவிப்பதும் மரபு. அது வேண்டியதே. ஆனால், மொழியியலை வாழ்நாள் தொழிலாகக் கொண்ட எம்மிடம் உரையாற்றக் கேட்டமையால், எமக்குத் தெரிந்த துறையிலிருந்தே ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறோம். நம் வரலாற்றை எழுதும் வாக்கியங்களில் பெண் எந்த இடத்தில் நிற்கிறாள்?

கேள்வி எளியது. மாணவர் அனைவரும் அறிந்த வேற்றுமைப் பாடமே இதற்குப் போதும். ‘வள்ளி’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘வள்ளி மரம் சீவினாள்’ என்றால் அவள் எழுவாய், வினை அவளுடையது. ‘வள்ளியை அழைத்து வந்தனர்’ என்றால் அவள் செயப்படுபொருள், வினை பிறருடையது. ‘வள்ளிக்குக் கூலி கொடுத்தனர்’ என்றால் அவள் பெறுபவள், கொடுப்பவன் வேறொருவன். ‘வள்ளியின் பிள்ளை’ என்றால் அவளுக்கு ஒன்று உடைமையாகிறது. பெயர் ஒன்றே, ஏற்கும் உருபுக்கேற்ப அவள் நிலை மாறுகிறது. தமிழிலக்கணம் இதனை ‘வேற்றுமை’ என்கிறது. பாகுபாட்டைக் குறிக்கவும் அதே சொல்லை நாம் வழங்குகிறோம். மலாக்காத் தோட்டத்துப் பெண்களின் உரிமை வரலாறு இவ்விரு பொருளிலும் வேற்றுமையின் வரலாறே என்பதுதான் இன்றைய உரையின் சாரம்.

உடன் வந்தவள்

1896இல் தான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை வணிக நோக்கில் நட்டார். மலாயாவில் அவ்வாறு நடப்பட்ட முதல் தோட்டம் அதுவே என்பர். ஆகவே பால்மரத்தின் கதை இம்மண்ணில்தான் தொடங்குகிறது. அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து பெருந்திரளான மக்கள் கங்காணி முறையின் வழியாகவும் பிற வழிகளிலும் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அவ்வருகை நீடித்தது.

அம்மக்களுள் பெண்கள் எவ்வாறு வந்தனர்? ‘கணவனோடு வந்தாள்’, ‘தந்தையோடு வந்தாள்’ என்றே பெரும்பாலும் சொல்கிறோம். இங்கே தொல்காப்பியர் கூறும் ஓர் இலக்கணத்தை நினைவூட்ட வேண்டும். இருவர் ஒரு வினையைச் சேர்ந்து செய்யும்போது ‘ஒடு’ என்னும் உருபு அவர்களுள் உயர்ந்தவராகக் கருதப்படுபவரின் பெயரையே சாரும் என்பது அவர் வகுத்த விதி. அரசனோடு படையினர் வந்தனர் என்போம். படையினரோடு அரசன் வந்தான் என்பது அருகிய வழக்கு. எனவே ‘கணவனோடு வந்தாள்’ என்னும் தொடர் ஒரு பயணச் செய்தியை மட்டும் தருவதில்லை. அப்பயணத்தில் யார் தலைமை, யார் துணை என்பதையும் அது முடிவு செய்துவிடுகிறது.

உண்மை நிலை வேறு. தோட்டத்திற்கு வந்த பெண்ணும் கூலிக்கு வந்தவளே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நின்றவர்களுள் அவளும் ஒருத்தி. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தனக்கென ஒதுக்கிய நிரையில் மரம் மரமாகச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து சென்று நிறுவைக்குக் கொடுத்தாள். புல் வெட்டினாள்; மருந்தடித்தாள்; ஒட்டுப்பால் பொறுக்கினாள். இவற்றிற்குப் பின்னரே வீட்டு உலை ஏறியது. இவ்வினைகள் அனைத்திற்கும் எழுவாய் அவளே.

ஆயினும் நம் மலர்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரைக் கவனியுங்கள்: ‘தோட்டத் தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களும்’. இத்தொடர் மேலோட்டமாகப் பார்த்தால் குறையற்றதாகவே தோன்றும். ஆனால் அது ‘தொழிலாளர்’ என்னும் பொதுச்சொல்லை ஆணுக்கு மட்டும் உரியதாக்கி, மரம் சீவிய பெண்ணை ‘மனைவி’ என்னும் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. யாரும் தீய எண்ணத்தோடு எழுதிய தொடர் அன்று அது. பழக்கம் எழுதிய தொடர். பழக்கம் எழுதியதைத் திருத்துவதே ஆசிரியர் பணி.

அவளுக்கு என்ன கொடுத்தனர்?

நான்காம் வேற்றுமைக்கு வருவோம். கூலி என்பது ‘கு’ உருபின் உலகம். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்கள் சிலவற்றிற்கு அரசு வகுத்த அடிப்படை நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு சிறு தொகைதானே என்று இன்றைய மாணவர் எண்ணக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். ஆண் நான்கு நாளில் பெற்றதைப் பெண் ஐந்து நாள் உழைத்தே பெற முடிந்தது. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை எனக் கொண்டால் அவள் இழந்தது இரண்டரை வெள்ளி. ஓராண்டு முழுவதும் அவ்வாறே வேலை இருந்திருப்பின் முப்பது வெள்ளி. அஃதாவது அவளுடைய எழுபத்தைந்து நாள் உழைப்பு.

பின்னர் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலியும் வெட்டப்பட்டது. விலை ஏறியபோது ஓரளவு உயர்ந்தது. ஏறினும் இறங்கினும் ஆண்கூலி ஒன்று, பெண்கூலி ஒன்று என்னும் பிரிவு நிலைத்தே நின்றது. தமிழக வயல்களில் வழங்கிய ‘ஆம்பளையாள் கூலி’, ‘பொம்பளையாள் கூலி’ என்னும் இரட்டை வழக்கு அங்கிருந்தே அறிமுகமானதாதலின், தோட்டத்தில் அது புதுமையாகத் தோன்றவில்லை. நிருவாகம் கணக்கேட்டில் எழுதிய வேறுபாட்டிற்கு நம் பேச்சுவழக்கு முன்னரே இடம் கொடுத்திருந்தது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

கூலி வேறுபாடு தோட்டத்தோடு நிற்கவில்லை. பட்டமும் பயிற்சியும் பெற்று, ஒரே பள்ளியில், ஒரே பாடத்தைக் கற்பித்த ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் இந்நாட்டில் ஊதியம் வேறாக இருந்தது. அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ராசம்மா பூபாலன். 1960இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவராக இருந்து ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் கோரிக்கையை அவர் முன்னெடுத்தார். 1963இல் உருவான மகளிர் அமைப்புகளின் தேசிய மன்றமும் அக்கோரிக்கைக்குக் குரல் கொடுத்தது. அரசுப் பணியில் சம ஊதியக் கொள்கை 1969இல் நடைமுறைக்கு வந்தது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகள் மாதந்தோறும் பெறும் ஊதியச் சீட்டு அந்தப் போராட்டத்தின் பயன். அதனை அரசு கொடுத்தது என்று சொல்வது நான்காம் வேற்றுமை. ஆசிரியைகள் பெற்றனர் என்று சொல்வது முதல் வேற்றுமை. இரண்டாவதே வரலாற்றுக்கு நெருக்கமானது.

அவளைக் கூட்டிச் சென்றவன்

அடுத்தது இரண்டாம் வேற்றுமை. இது சற்றுக் கடினமான பகுதி. எனினும் மலாக்காவோடு நேரடித் தொடர்புடையது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1871இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அம்மரபு வழியாக நம் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் நிலைத்தது 498ஆம் பிரிவு. பிறன் மனைவியை, அவள் பிறன் மனைவி என்று அறிந்தே, தகாத உறவின் பொருட்டு அழைத்துச் செல்பவனை அல்லது ஆசைகாட்டி அழைப்பவனைத் தண்டிக்கும் பிரிவு அது.

அச்சட்டத்தின் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். அழைத்துச் செல்பவன் ஓர் எழுவாய். முறையிடும் கணவன் மற்றோர் எழுவாய். பெண்ணோ செயப்படுபொருள். அவள் தானே முடிவெடுத்துப் போனாளா, அடி தாங்காமல் போனாளா, பசி தாங்காமல் போனாளா என்னும் கேள்விகளுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. கணவனைப் பிறளொருத்தி அழைத்துச் சென்றால் மனைவி முறையிடுவதற்கும் அதில் வழியில்லை. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா, மலாயாத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி 2021இல் வெளியிட்ட நூலில், காலனிய காலத்தில் இத்தகைய வழக்குகள் தோட்டங்களிலிருந்து நீதிமன்றம் சென்றதை விரிவாக ஆராய்கிறார். பெண்களைப் பேதையர் என்றோ கற்பிழந்தவர் என்றோ எழுதிய பதிவுகளுக்குள்ளேயே, தமக்கென முடிவெடுத்த பெண்களின் சுவடுகளை அவர் காண்கிறார். ஒரு துணையை விட்டு மற்றொரு துணையை நாடியது சிலருக்கு உயிர்பிழைக்கும் வழியாகவே இருந்தது.

நம் பேச்சுவழக்கும் இச்சட்டத்திற்கு அயலானதன்று. ‘அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்’ என்கிறோம். ‘அவள் போய்விட்டாள்’ என்று சொல்ல நேர்ந்தாலும் அதனைப் பழிச்சொல்லாகவே சொல்கிறோம். அவள் செயப்படுபொருளாயின் பேதை, எழுவாயாயின் குற்றவாளி. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மனிதப் பிறவிக்கு நிற்க இடம் வேண்டாமா?

அந்த 498ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்போது நாட்டின் தலைமை நீதிபதி, அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணியான தெங்கு மைமுன் துவான் மாட். தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு. குடிமக்களிடையே சமயம், இனம், வமிசம், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று கூறிய அப்பிரிவில், பாலினம் என்னும் ஒரு சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றதும், மகளிர் அமைப்புகள் தொடர்ந்து வற்புறுத்தியதும் அதற்குப் பின்புலம். ஒரு சொல் சேர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, அச்சொல் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாக்கியத்தை வீழ்த்தியது. சொற்களை ஆராய்வதால் என்ன பயன் என்று வினவும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த விடை எம்மிடம் இல்லை.

யாருடைய பிள்ளை? யாருடைய வருமானம்?

ஆறாம் வேற்றுமை உடைமையைக் குறிப்பது. ‘உரிமை’ என்னும் சொல்லும் ‘உரிய’ என்பதோடு பிறந்ததே. ஆதலின் உரிமை வரலாற்றில் ஆறாம் வேற்றுமைக்குத் தனியிடம் உண்டு.

முதலாவது, திருமணம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன், வழக்காற்றின்படி ஓர் இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதற்குச் சட்டத் தடை இல்லை. ஊரறியத் தாலி கட்டியும், பதிவுச் சான்று இல்லாமையால் தம் நிலையை மெய்ப்பிக்க இயலாது இடர்ப்பட்ட பெண்கள் தோட்டங்களில் உண்டு. இச்சட்டம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குப் பதினாறு வயதிலும் முதலமைச்சரின் அனுமதியோடு மணம் செய்விக்கலாம் என்னும் விலக்கையும் அது வைத்தது. அவ்விலக்குப் பொருந்தும் வயதினர் இன்று நம் ஐந்தாம் படிவ வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவியர் என்பதை ஆசிரியர்கள் மறத்தல் ஆகாது.

இரண்டாவது, வருமானம். மனைவி ஈட்டியதும் கணவனின் வருமானமாகவே வரிக்கணக்கில் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1991ஆம் மதிப்பீட்டாண்டு முதலே மனைவியின் வருமானம் இயல்பாகவே அவளுடையதாகத் தனித்து மதிக்கப்பட்டது.

மூன்றாவது, பிள்ளை. 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் தந்தையையே முதன்மைப் பாதுகாவலராகக் கொண்டிருந்தது. பத்து மாதம் சுமந்தவள், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடக் கணவனைத் தேடி அலைந்த காலம் அது. 1999இல் செய்யப்பட்ட திருத்தமே தாய்க்கும் தந்தைக்கும் சமமான பாதுகாவல் உரிமையை அளித்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தந்தை தன் குடியுரிமையை வழங்கலாம். மலேசியத் தாய்க்கு அவ்வுரிமை அரசமைப்பில் அவ்வாறு அமையவில்லை. அக்குறையை நீக்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை ஏற்றது. ‘அவளுடைய பிள்ளை’ என்னும் இரண்டு சொல் தொடருக்குச் சட்டம் முழுப்பொருள் கொடுக்க இத்தனை காலம் ஆயிற்று.

எழுவாயாக நின்றவர்கள்

இவை அனைத்தும் சட்டங்களின் வரலாறு. சட்டத்திற்கு முன்னரே பெண்கள் எழுவாயாக நின்ற தருணங்கள் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணமுறிவு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பல ஊர்களில் பேசினார். சீர்திருத்தத் திருமணமும் பெண்கல்வியும் இங்குள்ள தமிழரிடையே விவாதப் பொருள்களாயின.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலி உயர்வோடு, தொழிலாளப் பெண்கள் மீது மேலாளர்கள் இழைக்கும் பாலியல் அத்துமீறலை நிறுத்த வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. பெண்ணின் மானம் வீட்டுக்குள் முணுமுணுக்கும் செய்தியாக இருந்த நிலை மாறி, தொழிற்கோரிக்கையாக எழுத்தில் வந்தது சிறு மாற்றமன்று.

ஈராண்டு கழித்து, 1943இல், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் விடுத்த அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. தளபதி லட்சுமியின் தலைமையில் திரண்ட பெண்களுள் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்றோர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி அப்படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். பின்னர் ஜானகி ஆதி நாகப்பனாக மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கத்திலும் நாடாளுமன்ற மேலவையிலும் பணியாற்றினார். பதினாறு வயதில் அப்படையில் சேர்ந்த மற்றொரு பெண்தான், நாம் முன்னர்க் கூறிய ராசம்மா பூபாலன். துப்பாக்கி ஏந்திய கை பின்னாளில் சம ஊதிய மனுவை எழுதியது. இவ்விருவர் பெயரையும் நாம் அறிவோம். அவர்களோடு நின்ற தோட்டப் பெண்களுள் எத்தனை பேரின் பெயரை நம் மாணவர் அறிவர்?

மலாக்காவிலேயே ஒரு சான்று காட்டலாம். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் உரிமைகளைக் கோரிக் கோலாலம்பூரை நோக்கி நெடும்பயணமாக நடந்தனர். ‘தொழிலாளர் நடந்தனர்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். அப்பலர்பாற் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடந்த பெண்கள் யார், வீட்டில் தங்கிப் பிள்ளைகளைக் காத்துப் பட்டினியைத் தாங்கிய பெண்கள் யார் என்று கேட்க வேண்டும். அன்று இருபது வயதில் இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தபின், சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது அம்மூதாட்டியரின் பேச்சு மட்டுமே.

நாம் செய்ய வேண்டியது

தமிழ் வினைமுற்றுக்கு ஒரு சிறப்பு உண்டு. ‘சீவினாள்’ என்றால் செய்தவள் பெண் என்பதை ‘ஆள்’ விகுதியே காட்டிவிடும். ஆங்கிலக் கணக்கேட்டில் மறைந்துபோகும் பெண், தமிழ்ப் பேச்சில் மறைவதில்லை. இன்று மரியாதை கருதி ‘சீவினார்’ என்று எழுதுகிறோம். மரியாதை வேண்டும், ஆனால் ‘ஆர்’ விகுதி பால் காட்டாது. எனவே மரியாதை விகுதியோடு எழுதும்போது அவர் பெயரையும் உடன் எழுதுவது நம் கடமை. பெயரின்றி மரியாதை மட்டும் தந்தால், அம்மரியாதையே மறைப்பாகிவிடும்.

மலாக்கா மாநிலத்தில் இருபத்தொரு தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் சுற்றுவட்டாரத்தில் தோட்ட வேலை செய்த பத்து மூதாட்டியரின் பேச்சை ஓராண்டில் பதிவு செய்தால் இருநூற்றுப் பத்துக் குரல்கள் கிடைக்கும். கைப்பேசி ஒன்றே போதும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதுங்கள், செந்தமிழாக்கித் திருத்தாதீர்கள். பெரட்டு, மங்கு, ஆயாக் கொட்டகை என்னும் சொற்களும் அவற்றோடு பிழைக்கும். கணவர் பெயரையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? உங்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்? எதை எதிர்த்துப் பேசினீர்கள்? அவர் விரும்பாததைப் பதியாதீர்கள். விரும்பினால் மட்டும் பெயரை வெளியிடுங்கள். மறுப்பதும் அவருடைய உரிமையே.

வகுப்பறையிலும் ஒரு வேலை உண்டு. நாளை பயிற்றியில் வாக்கியம் அமைக்கும்போது ‘அப்பா வேலைக்குச் சென்றார், அம்மா சமைத்தார்’ என்று கை தானாக எழுதும். சற்றே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகளுள் பலருடைய பாட்டி, தாத்தாவுக்கு இணையாகப் பெரட்டில் நின்றவர். அவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்திலாவது பதியுங்கள்.

சட்டங்கள் ஓரளவு மாறியுள்ளன. மாற வேண்டியவை இன்னும் உள. அவற்றை மாற்றுவதில் நம் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆற்றல் சிறிதாக இருக்கலாம். நம் வாக்கியங்களை மாற்றும் ஆற்றலோ முழுவதும் நம்முடையது. அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ‘தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களும்’ என்று இனி எழுத மாட்டோம். ‘தோட்டத்தில் உழைத்த பெண்களும் ஆண்களும்’ என்றே எழுதுவோம். இந்த ஒரு திருத்தத்தை இந்நிகழ்வின் பயனாகக் கொண்டு செல்லுமாறு வேண்டுகிறோம்.